இமயமலை பனியாறு பத்தி நியூஸ் எழுதப் போறீங்களா? திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளும் பதில்களும்

ரொம்ப வருஷமா தமிழ் நியூஸ் டெஸ்க்ல இருக்கேன், சுற்றுச்சூழல் செய்தி எல்லாம் என் கைக்குத்தான் வரும். உத்தராகண்ட்லயோ சிக்கிம்லயோ ஏதாவது நடந்துட்டா அன்னிக்கு சாயங்காலமே ரிப்போர்ட்டர் தம்பி தங்கச்சிங்க போன் பண்ண ஆரம்பிச்சுடுவாங்க, கேள்வி எல்லாம் பெரும்பாலும் போன தடவை வேற ஒருத்தர் கேட்டதாத்தான் இருக்கும். அவசரத்துல பாதி பதில் சொல்லிட்டு போனை வைக்கிறது எனக்கே உறுத்துச்சு, அதான் உக்காந்து எழுதிட்டேன். கேள்வியெல்லாம் அவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன். வரிசையா படிச்சா நல்லது, ஏன்னா பின்னாடி வர்ற பதில்ல முன்னாடி சொன்னதை திரும்ப சொல்லல.

அண்ணா, கிளேசியர்னா என்ன? மலை மேல இருக்குற ஐஸ்தானே?

ஐஸ்தான், ஆனா நகர்ற ஐஸ். வருஷா வருஷம் விழுற பனி ஒண்ணு மேல ஒண்ணு அமுங்கி அமுங்கி கெட்டி ஐஸாகி, தன்னோட எடை தாங்காம சரிவுல மெதுவா கீழ இறங்கும், அதுதான் கிளேசியர். மேல பனி விழுறது வரவு, கீழ உருகுறது செலவு. வரவை விட செலவு ஜாஸ்தியா இருந்தா அது இளைச்சுக்கிட்டே போகும், இந்த வரவு செலவு கணக்கைத்தான் மாஸ் பேலன்ஸ்னு சொல்றாங்க.

நான் முதல் தடவை கங்கோத்ரில இருந்து சுமார் 18 கிலோமீட்டர் நடந்து, கங்கோத்ரி பனியாறு முடியுற இடமான கோமுக் போனப்ப, கண்ணு முன்னாடி நின்னுக்கிட்டே "கிளேசியர் எங்க?"ன்னு கூட வந்தவர்கிட்ட கேட்டேன். வெள்ளையா பளபளன்னு எதையோ எதிர்பாத்துட்டு போயிருந்தேன். அங்க இருந்தது மண்ணும் கல்லும் மூடின ஒரு சாம்பல் கலர் மேடு, அதோட முகத்துல மட்டும் வெட்டுப்பட்ட இடத்துல நீலமும் கருப்புமா ஐஸ் தெரிஞ்சுது, அடியில இருந்து பாகீரதி கலங்கலா வெளிய வந்துட்டு இருந்துச்சு, அப்பப்ப மேல இருந்து ஒரு கல்லு கழண்டு தண்ணில விழுற சத்தம். இமயமலையில பல பனியாறுங்களோட கீழ்ப்பகுதி இப்படித்தான் இருக்கும். அதனால வெள்ளை மலை ஃபைல் போட்டோவை எடுத்து செய்திக்கு போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிங்க.

பனிப்பாறைன்னு எழுதலாமா, பனியாறுன்னு எழுதணுமா? எங்க டெஸ்க்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க

நான் பனியாறுன்னு எழுதுவேன். டைட்டானிக் மோதினதையும் நாம பனிப்பாறைன்னுதான் சொல்றோம், கடல்ல மிதக்குறதுக்கும் மலையில நகர்றதுக்கும் ஒரே பேர் வெச்சா படிக்கிறவங்களுக்கு குழப்பம்தான் வரும். இலங்கை பள்ளிக்கூட புவியியல் புத்தகத்துல பனிக்கட்டியாறுன்னு வரும், அதுவும் நல்ல சொல்லுதான். டெஸ்க்ல பனிப்பாறைதான் வேணும்னு நின்னாங்கன்னா தலைப்புல அப்படியே விட்டுட்டு முதல் பாராவுல "மலைச்சரிவுல மெதுவா நகர்ற ஐஸ்"னு ஒரு வரி சேத்துடுங்க.

இன்னொரு சிக்கல், "பனி"ங்குற ஒரு சொல்லை நாம மார்கழி மாச பனிக்கும் ஊட்டி உறைபனிக்கும் காஷ்மீர்ல விழுற பனிக்கும் சேத்து பயன்படுத்துறோம். "பனி உருகி வெள்ளம்"னு எழுதினா அது போன மாசம் விழுந்த பனியா, பல நூறு வருஷ ஐஸான்னு தெரியாது. செய்திக்கு அந்த வித்தியாசம் முக்கியம்னா புதுசா விழுந்த பனி, பனியாத்து ஐஸ்னு பிரிச்சே எழுதுங்க.

டிவில "பனிப்பாறை வெடிப்பு"ன்னு போட்டாங்களே, ஐஸ் எப்படி வெடிக்கும்?

வெடிக்காது. 2021 பிப்ரவரி 7, ஞாயித்துக்கிழமை காலையில உத்தராகண்ட் சமோலில வெள்ளம் வந்தப்ப இந்தி சேனல்ல "கிளேசியர் டூட்டா" (உடைஞ்சுது)ன்னு ஓடுச்சு, இங்கிலீஷ்ல "கிளேசியர் பர்ஸ்ட்" ஆச்சு, தமிழ்ல வெடிச்சே போச்சு. அன்னிக்கு நானும் அந்த சொல்லை அப்படியே பாஸ் பண்ணினேன், இன்னிக்கும் எனக்கு அது மனசுல கிடக்குது.

உண்மையில நடந்தது என்னன்னா, ரோன்டி சிகரத்தோட சரிவுல இருந்து பாறையும் ஐஸும் சேந்து சுமார் 2 கோடியே 70 லட்சம் கன மீட்டர் பேந்து கிட்டத்தட்ட 1,800 மீட்டர் கீழ விழுந்துச்சு. அதுல 80 சதவீதம் பாறை, 20 சதவீதம்தான் ஐஸ். விழுந்த வேகத்துல உராய்ஞ்ச சூட்டுல ஐஸ் உருகி, பாறை நொறுங்கி, ரெண்டும் கலந்து ரிஷிகங்கா, தௌலிகங்கா வழியா சேறும் கல்லுமா வந்துச்சு. 200 பேருக்கு மேல செத்தாங்க இல்ல காணாம போனாங்க, பெரும்பாலும் ரெண்டு நீர்மின் திட்டத்துல வேலை பாத்தவங்க. இதை பாறை-ஐஸ் சரிவுன்னு எழுதணும். 53 விஞ்ஞானிங்க சேந்து எழுதின கட்டுரை அதே வருஷம் ஜூன்ல வந்துச்சு, ஆனா நம்ம ஊர்ல எத்தனை பேப்பர் திரும்பி வந்து "வெடிக்கல, சரிஞ்சுது"ன்னு போட்டாங்க?

அப்ப ஜிஎல்ஓஎஃப்னு சொல்றது வேறயா?

வேற. பனியாறு பின்வாங்கினா அது விட்டுட்டுப் போன பள்ளத்துல தண்ணி தேங்கி ஏரியாகும். அந்த ஏரிக்கு கரை எதுன்னு பாத்தா, பனியாறு தள்ளிட்டு வந்து குவிச்ச கல்லும் மண்ணும்தான், மொரேன்னு சொல்வாங்க. யாரும் இன்ஜினியரிங் பண்ணி கட்டினது இல்ல, சில இடத்துல உள்ளுக்குள்ள ஐஸும் இருக்கும். அந்த கரை உடைஞ்சோ, ஏரிக்குள்ள ஏதாவது விழுந்து அலை எழும்பியோ தண்ணி ஒரே அடியா வெளிய வந்தா அதுதான் ஜிஎல்ஓஎஃப். தமிழ்ல பனியாற்று ஏரி உடைப்புன்னு சொன்னா எல்லாருக்கும் புரியும், ஏரி உடையுறது நமக்கு தெரியாத விஷயமா என்ன.

2023 அக்டோபர் 3 ராத்திரி சிக்கிம்ல 5,200 மீட்டர் உயரத்துல இருக்குற சவுத் லோனாக் ஏரில இதுதான் நடந்துச்சு. ஏரியோட பக்கவாட்டு மொரேன்ல இருந்து ஒன்றரைக் கோடி கன மீட்டர் அளவுக்கு உறைஞ்ச மண்ணு சரிஞ்சு ஏரிக்குள்ள விழுந்து, 20 மீட்டர் உயரத்துக்கு அலை எழும்பி, கரையை அரிச்சுக்கிட்டு சுமார் 5 கோடி கன மீட்டர் தண்ணி தீஸ்தா ஆத்துல இறங்குச்சு. செம்பரம்பாக்கம் ஏரி முழுக்க நிரம்பினா எவ்வளவோ அதுல பாதின்னு வெச்சுக்கங்க, அது ராத்திரி நேரத்துல ஒரு குறுகலான மலைப்பள்ளத்தாக்குல இறங்குதுன்னு நினைச்சுப் பாருங்க. சுங்தாங்ல இருந்த 1,200 மெகாவாட் தீஸ்தா-3 நீர்மின் திட்டத்தோட 60 மீட்டர் அணை அடிச்சுட்டு போயிடுச்சு.

மேகவெடிப்பா, ஏரி உடைஞ்சதா, மலை சரிஞ்சதான்னு முதல் நாளே எப்படி சொல்றது?

பெரும்பாலும் முதல் நாள் சொல்ல முடியாது, சொல்லவும் வேண்டாம். "வெள்ளம் வந்துச்சு, காரணம் இன்னும் உறுதியாகல"ன்னு எழுதுறதுல எந்த கேவலமும் இல்ல. சிக்கிம் வெள்ளத்துக்கும் முதல் சில மணி நேரம் மேகவெடிப்புன்னுதான் செய்தி ஓடுச்சு. மேகவெடிப்புக்கு வானிலை துறை ஒரு அளவு வெச்சிருக்கு, சுமார் 20-30 சதுர கிலோமீட்டர் பரப்புல ஒரு மணி நேரத்துல 10 சென்டிமீட்டர் மழை. யாராவது மேகவெடிப்புன்னு சொன்னா, "எந்த ஸ்டேஷன்ல எத்தனை சென்டிமீட்டர் பதிவாச்சு?"ன்னு கேளுங்க. பக்கத்துல ஸ்டேஷனே இல்லைன்னு பதில் வந்தா அதையும் செய்தில எழுதுங்க.

சமோலி வெள்ளம் வந்தது பிப்ரவரி காலையில, மழையே இல்ல, அதுவே பெரிய துப்பு. சில சமயம் ரெண்டும் சேந்தே வரும். 2013 ஜூன்ல கேதார்நாத்ல பல நாள் பேய் மழை, அதோட கோயிலுக்கு மேல இருந்த சோராபாரி ஏரி 17ம் தேதி காலையில உடைஞ்சுது. அங்க போய் மழையா ஏரியான்னு ஒத்தக் காரணம் தேடினா செய்தி தப்பாயிடும்.

2035க்குள்ள இமயமலை பனியாறெல்லாம் அழிஞ்சுடும்னு ஒரு பழைய கட்டுரையில இருக்கு, எடுத்து போடலாமா?

தயவுசெஞ்சு வேண்டாம். 2007ல ஐபிசிசி, அதாவது காலநிலை மாற்றம் பத்தி ஐ.நா. அமைச்ச விஞ்ஞானிங்க குழு, அதோட அறிக்கையில அந்த வரி வந்துச்சு, ஒழுங்கான ஆய்வுல இருந்து வந்தது இல்ல. ஒரு அறிவியல் பத்திரிகைக்கு கொடுத்த பேட்டில இருந்த விஷயம் ஒரு தொண்டு நிறுவன அறிக்கைக்கு போய், அங்க இருந்து ஐபிசிசிக்குள்ள நுழைஞ்சுது. 2010 ஜனவரில ஐபிசிசி வருத்தம் தெரிவிச்சுது. ஆனா இன்னிக்கும் அந்த 2035 தமிழ் கட்டுரைல தலை காட்டுது, காலநிலை மாற்றமே பொய்னு சொல்றவங்க அதையே புடிச்சுக்கிட்டு எல்லாமே பொய்ங்குறாங்க. பத்திரிகையில இருந்து அறிக்கைக்கு போன தப்பு இது, அதனால நமக்கு இதுல கூடுதல் பொறுப்பு இருக்குன்னு நான் நம்புறேன்.

சரி, அப்ப எந்த நம்பரை போடணும்?

காத்மாண்டுல ஐசிமோட்னு மலைப்பகுதிகளை ஆய்வு பண்ற ஒரு அமைப்பு இருக்கு, இந்தியா, நேபாளம், பூட்டான், சீனா, பாகிஸ்தான் எல்லாம் சேந்து 8 நாடு அதுல உறுப்பினர். அவங்க 2019 அறிக்கையில, உலக வெப்பம் 1.5 டிகிரியோட நின்னாலும் இந்து குஷ்-இமயமலை பகுதி பனியாறுங்கள்ல மூணுல ஒரு பங்கு 2100க்குள்ள போயிடும்னு சொன்னாங்க, புகையை குறைக்காம இப்படியே போனா மூணுல ரெண்டு பங்கு. 2023 அறிக்கையில, 2011-2020ல ஐஸ் போன வேகம் அதுக்கு முந்தின பத்து வருஷத்தை விட 65 சதவீதம் ஜாஸ்தின்னு இருக்கு.

நம்பரை போடும்போது மூணு விஷயத்தை ஒட்டியே போடுங்க: எந்த பகுதி, எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைக்கும், எத்தனை டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. "மூணுல ரெண்டு பங்கு அழியும்"னு மட்டும் எழுதினா அது விதி மாதிரி இருக்கு, "புகை இப்படியே போனா மூணுல ரெண்டு பங்கு அழியலாம்"னு எழுதினா மனுஷன் கையில இன்னும் என்ன மிச்சம் இருக்குன்னு தெரியும்.

ஒரு ஆய்வுல பாதி அழியும்ங்குறாங்க, அதே ஆய்வை வேற பேப்பர்ல கால்வாசின்னு போட்டிருக்காங்க, யார் சொல்றது சரி?

ரெண்டுமே சரியா இருக்கலாம். 2023 ஜனவரில வந்த உலக அளவு கணக்கு ஒண்ணுல, 1.5 டிகிரியில 2100க்குள்ள எண்ணிக்கைல கிட்டத்தட்ட பாதி பனியாறுங்க மறையும்னும், எடையில 26 சதவீதம் போகும்னும் சொல்லியிருந்தாங்க. ஏன்னா முதல்ல மறையுறது எல்லாம் குட்டி குட்டி பனியாறுங்க. எண்ணிக்கையா, பரப்பளவா, எடையான்னு பாக்காம பெரிய நம்பரை தலைப்புக்கு எடுத்தா படிக்கிறவங்க ஐஸ்ல பாதி போயிடும்னு நினைப்பாங்க. ஆனா அந்த குட்டி பனியாத்தை நம்பி கீழ ஒரு கிராமம் இருந்தா அவங்களுக்கு அது நூறு சதவீதம், அந்த கோணத்துல எண்ணிக்கையும் பெரிய செய்திதான்.

"273 ஜிகா டன்"னு இருக்கு, இதை நம்ம ஊர் ஆளுக்கு எப்படி புரிய வைக்கிறது?

டிஎம்சில சொல்லுங்க, காவிரி செய்தி படிச்சு வளந்தவங்க நாம. ஒரு ஜிகா டன்னா நூறு கோடி டன், அது தண்ணியா மாறினா ஒரு கன கிலோமீட்டர், சுமார் 35 டிஎம்சி. 2000ல இருந்து 2023 வரைக்கும் உலகத்துல இருக்குற பனியாறுங்க, கிரீன்லாந்து அன்டார்டிகாவோட பெரிய ஐஸ் படலங்களை விட்டுட்டு, வருஷத்துக்கு சராசரியா 273 ஜிகா டன் இழந்திருக்கு. கணக்கு போட்டா 9,600 டிஎம்சிக்கு மேல. மேட்டூர் அணை முழு கொள்ளளவு 93.47 டிஎம்சி, அப்ப வருஷத்துக்கு நூறு மேட்டூருக்கு மேல. கால்குலேட்டர்ல நானே மூணு தடவை போட்டுப் பாத்துட்டேன், நீங்களும் ஒரு தடவை போட்டுப் பாத்துட்டு எழுதுங்க.

ஆனா இது உலக கணக்கு, இமயமலை கணக்கு இல்ல, அதை கலந்துடாதீங்க.

கங்கோத்ரி வருஷத்துக்கு 20 மீட்டர் பின்வாங்குதுன்னா அவ்வளவுதானா? கேக்க கம்மியா இருக்கே

பனியாத்தோட மூக்கு, அதாவது கீழ் முனை, எவ்வளவு பின்னாடி போச்சுங்குறது ஒரு அளவு, அவ்வளவுதான். கங்கோத்ரி சுமார் 30 கிலோமீட்டர் நீளம். நீளம் அப்படியே இருந்தும் உடம்பு முழுக்க மெலிஞ்சு போகலாம், கல்லு மூடின பனியாத்துல இது நிறைய நடக்கும். அதனால மீட்டர் கணக்கோட தடிமன் எவ்வளவு குறைஞ்சுதுன்னும் கேளுங்க. ஹிமாச்சல்ல லாஹௌல் பக்கம் சோட்டா ஷிக்ரின்னு ஒரு பனியாறு, 2002ல இருந்து விஞ்ஞானிங்க வருஷா வருஷம் அது மேல ஏறி, ஐஸ்ல குத்தி வெச்ச கம்பு எவ்வளவு வெளிய தெரியுதுன்னு அளந்துட்டு வர்றாங்க. கம்பு வெளிய வந்த அளவுக்கு ஐஸ் போயிருக்கு. மாஸ் பேலன்ஸ்ங்குற பெரிய வார்த்தைக்கு பின்னாடி இருக்குறது இந்த கம்பும் டேப்பும்தான், ஒரு நாள் அவங்களோட போய் எழுதினா எவ்வளவு நல்லா இருக்கும்.

கரகோரம்ல பனியாறு வளருதாம், ஒரு வாசகர் லெட்டர் போட்டிருக்கார், என்ன பதில் எழுத?

அவர் சொல்றதுல விஷயம் இருக்கு, மதிச்சே பதில் எழுதுங்க. இமயமலைக்கு வடமேற்குல இருக்குற கரகோரம் மலைத்தொடர்ல பல பனியாறுங்க ரொம்ப வருஷமா அவ்வளவா இளைக்கல, சிலது கொஞ்சம் ஏறியும் இருக்கு, இதுக்கு கரகோரம் அனாமலி (விதிவிலக்கு)ன்னே பேர் இருக்கு. சமீப வருஷங்கள்ல அதுவும் மாறுற அறிகுறி தெரியுது. அங்க இன்னொரு வழக்கமும் உண்டு, சில பனியாறு திடீர்னு வேகமா முன்னாடி பாயும். பாகிஸ்தான் வடக்குல ஹுன்சாவுல ஷிஷ்பர் பனியாறு அப்படி பாஞ்சு பக்கத்து ஓடையை அடைச்சு ஏரியாக்கி, 2022 மே மாசம் அந்த தண்ணி உடைச்சுக்கிட்டு வந்து ஹசனாபாத் பாலத்தை தூக்கிட்டு போச்சு. வளர்ற பனியாறும் ஊரை அழிக்கும்ங்குறதுக்கு இதை விட என்ன சாட்சி வேணும்.

பனியாறு போயிட்டா கங்கை வத்திடும்தானே?

இல்ல, கங்கைக்கு முக்கிய வரவு மழை. மேல் சிந்து படுகையில வருஷத்து தண்ணில சுமார் 40 சதவீதம் பனியாறு உருகுறதுல வருதுன்னு ஒரு கணக்கு சொல்லுது, மேல் கங்கையில அது 12 சதவீதம் அளவுதான், கீழ வாரணாசி பாட்னா வரவர இன்னும் குறைஞ்சுக்கிட்டே போகும். ஆனா எந்த மாசத்துல வருதுங்குறதுதான் விஷயம். மழை வர்றதுக்கு முன்னாடி ஏப்ரல் மே ஜூன்ல ஆத்துல ஓடுறதுல உருகுன தண்ணியோட பங்கு அதிகம், வறட்சி வருஷத்துல அது இன்னும் அதிகம். வருஷ சராசரியை மட்டும் போட்டா விவசாயியோட கஷ்டம் அதுல தெரியாது.

இன்னொண்ணு, ஐஸ் வேகமா உருகும்போது முதல்ல ஆத்துல தண்ணி கூடும், ஒரு உச்சத்துக்கு போய் அப்புறம்தான் குறையும். பல இமயமலை ஆறுங்களுக்கு அந்த உச்சம் இந்த நூற்றாண்டு நடுவுல வரும்னு எதிர்பாக்குறாங்க. ஆனா சின்ன பனியாத்தை நம்பின ஊருக்கு அது முடிஞ்சே போச்சு. லடாக்ல சான்ஸ்கார் பக்கம் கூமிக்னு ஒரு கிராமம், ஓடையில தண்ணி போதாம ஆளுங்க கீழ புது இடத்துக்கு கால்வாய் வெட்டி வீடு கட்டி நகர ஆரம்பிச்சாங்க. லடாக் கிராமத்துல சுர்போன்னு ஒருத்தர் இருப்பார், இன்னிக்கு எந்த வயலுக்கு தண்ணி திறக்கணும்னு முடிவு பண்றவர், நம்ம ஊர் நீர்க்கட்டி மாதிரி. லடாக் போனா அதிகாரிகிட்ட பேசுறதுக்கு முன்னாடி அவர்கிட்ட பேசுங்க, எந்த மாசம் எத்தனை நாள் தண்ணி தள்ளிப் போச்சுன்னு வாய் கணக்கா சொல்வார்.

எங்க எடிட்டர் "தமிழ்நாட்டுக்கு என்ன சம்பந்தம்"னு கேக்குறார், என்ன சொல்ல?

இல்லாத சம்பந்தத்தை ஒட்ட வைக்காதீங்க. காவிரி, வைகை, தாமிரபரணி எதுலயும் பனியாத்து தண்ணி கிடையாது. உண்மையான சம்பந்தம் கடல். மேல சொன்ன அந்த 23 வருஷத்துல உருகினது மட்டும் உலக கடல் மட்டத்தை சுமார் 18 மில்லிமீட்டர் ஏத்தியிருக்கு, கடல் ஓரமா இவ்வளவு ஊர் வெச்சிருக்குற நமக்கு அது சின்ன விஷயம் இல்ல. அப்புறம் சார்தாம் யாத்திரைக்கு நம்ம ஊர்ல இருந்து வருஷா வருஷம் ஆளுங்க போறாங்க, அவங்க வீட்டுக்கு அந்த மலை நிலவரம் தெரியணும். இது எதுவுமே இல்லைன்னாலும் நடக்குறது நம்ம நாட்டுல, அங்க செத்தவங்களும் வேலைக்குப் போன ஏழை ஜனங்க, அதுவே போதும்னு நான் சொல்லுவேன்.

"காலநிலை மாற்றத்தால் வெள்ளம்"னு நேரடியா எழுதலாமா?

ரெண்டு படியா பிரிச்சுக்கங்க. உலகம் முழுக்க பனியாறு இளைக்கிறதுக்கு மனுஷனால வந்த வெப்பம்தான் முக்கிய காரணம்னு தைரியமா எழுதலாம், இதுல விஞ்ஞானிங்ககிட்ட சண்டை இல்ல. ஆனா குறிப்பிட்ட ஒரு நாள் குறிப்பிட்ட ஒரு மலை சரிஞ்சதுக்கு அதே காரணம்னு எழுத, அந்த இடத்தை ஆய்வு பண்ணவங்க சொல்லணும். அதுவரைக்கும் "வெப்பம் ஏற ஏற இந்த மாதிரி சரிவுக்கும் ஏரி உடையுறதுக்கும் வாய்ப்பு கூடுது"ங்குறது நேர்மையான வரி.

தலைகீழா நடந்த உதாரணம், 2022 பாகிஸ்தான் வெள்ளம். நாட்டுல மூணுல ஒரு பங்கு முங்குச்சுன்னும் பனியாறு உருகினதாலன்னும் நிறைய தலைப்பு வந்துச்சு. வடக்குல சில பள்ளத்தாக்குல பனியாத்து வெள்ளம் வந்தது நெசம், ஆனா சிந்து மாகாணத்தையும் பலுசிஸ்தானையும் முக்குனது அசாதாரண பருவமழை.

அன்னிக்கும் இன்னிக்கும் போட்டோ பக்கத்துல பக்கத்துல போட்டா நல்லா ஓடும், போடலாமா?

ஒரே மாசமா இருந்தா போடுங்க. பிப்ரவரி படத்தையும் செப்டம்பர் படத்தையும் ஒட்டினா பருவம்தான் தெரியும், பனியாறு தெரியாது. செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம் நல்ல நேரம், புதுசா விழுந்த பனி கம்மியா இருக்கும். எடுத்த தேதியும், எந்த இடத்துல இருந்து எடுத்ததுன்னும் படத்துக்கு கீழ கட்டாயம் வரணும். இன்னொரு எச்சரிக்கை, பெரிய வெள்ளம் வந்த அன்னிக்கு வாட்ஸ்அப்ல வர்ற வீடியோவுல பழசும் வேற நாட்டோடதும் நிறைய இருக்கும், பாலம், போர்டு, வண்டி நம்பர் பிளேட் இதெல்லாம் பாத்துட்டு எடுங்க.

சாட்டிலைட் படம் நமக்கெல்லாம் கிடைக்குமா? காசு கேப்பாங்களே

இலவசமாவே கிடைக்கும். ஐரோப்பாவோட சென்டினல்-2 அஞ்சு நாளைக்கு ஒரு தடவை 10 மீட்டர் அளவுல படம் எடுக்குது, கோப்பர்நிகஸ் தளத்துல ஆபீஸ் கம்ப்யூட்டர்லயே பாக்கலாம். அமெரிக்காவோட லேண்ட்சாட் படம் 1970கள்ல இருந்தே இருக்கு. மேகம் மூடினா ஒண்ணும் தெரியாது, மழைக்காலத்துல பல வாரம் இப்படியே போகும், அப்ப ரேடார் படம் எடுக்குற சென்டினல்-1 உதவும், ஆனா அதை படிக்க தெரிஞ்சவர் ஒருத்தர் கூட வேணும். இஸ்ரோவோட ஹைதராபாத் மையம் வெள்ளத்துக்கு முன்னாடி பின்னாடி படம் வெளியிடுவாங்க, சவுத் லோனாக் ஏரி செப்டம்பர் 28ல சுமார் 167 ஹெக்டேர் இருந்து அக்டோபர் 4ல 60 ஹெக்டேரா சுருங்கினது அவங்க படத்துலதான் தெளிவா தெரிஞ்சுது.

"ஆபத்தான ஏரிகள் லிஸ்ட்"னு ஒண்ணு சுத்துது, அப்படியே போட்டுடலாமா?

லிஸ்ட் எதை அளந்துதுன்னு முதல்ல பாருங்க. 2024ல இஸ்ரோ சொன்னது, இமயமலை ஆத்துப் படுகைகள்ல 10 ஹெக்டேருக்கு மேல பெருசான 2,431 ஏரி, அதுல 676 ஏரி 1984ல இருந்து கணிசமா விரிஞ்சிருக்கு, அந்த 676ல 130 இந்தியாவுக்குள்ள. விரிஞ்சதுன்னா நாளைக்கு உடையும்னு அர்த்தம் இல்ல. ஹிமாச்சல்ல கேபாங் காத் ஏரி 1989ல 36 ஹெக்டேர் இருந்து 2022ல 101 ஹெக்டேர் ஆயிடுச்சு, அதை எழுதுறப்ப கரை எப்படி இருக்கு, மேல தொங்குற பாறை இருக்கா, கீழ முதல் ஊர் எத்தனை கிலோமீட்டர்னு சேத்து எழுதினாத்தான் செய்தி.

மறுபக்கமும் இருக்கு. 2024 ஆகஸ்ட்ல நேபாளத்துல எவரெஸ்ட் பக்கத்து தாமே கிராமத்தை அடிச்சது சின்ன ஏரிங்க, யாரும் பெருசா கவலைப்படாத ஏரிங்க. அதனால "லிஸ்ட்ல இல்ல, பாதுகாப்பானது"ன்னு எழுதவே எழுதாதீங்க.

இதுக்கெல்லாம் யார்கிட்ட பேசணும்? சயின்டிஸ்ட் யாரும் போனே எடுக்க மாட்டேங்குறாங்க

டேராடூன்ல வாடியா இமயமலை புவியியல் நிறுவனம், கோவால துருவ கடல் ஆய்வு மையம் (அவங்களுக்கு ஸ்பிதி பக்கம் ஹிமான்ஷ்னு ஒரு ஸ்டேஷன் இருக்கு), டெல்லி ஜேஎன்யு, பெங்களூரு ஐஐஎஸ்சில திவேச்சா மையம், இவங்க எல்லாம் வருஷக்கணக்கா பனியாறு பாக்குறவங்க. வெள்ளம் வந்த அன்னிக்கு முதல் தடவையா போன் பண்ணா எடுக்க மாட்டாங்கதான், ஆயிரம் பேர் கூப்புடுவாங்க. ஒண்ணும் நடக்காத மாசத்துல ஒரு தடவை பேசி வையுங்க. பேசும்போது "உங்களுக்கு எது தெரியும், எது ஊகம்?"னு கேளுங்க, நல்ல விஞ்ஞானிக்கு அந்த கேள்வி பிடிக்கும். நீர்மின் கம்பெனில சம்பளமோ ஆலோசனை பணமோ வாங்குறவரா இருந்தா அதை செய்திலயே சொல்லிடணும்.

நேர்ல போகப் போறேன், என்ன எடுத்துட்டு போகணும்?

நாள் எடுத்துட்டு போங்க. 3,000 மீட்டருக்கு மேல படுக்குற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல ஏத்தக் கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒரு தடவை ஓய்வு வேணும். லே 3,500 மீட்டர், சென்னைல இருந்து பிளைட்ல போய் இறங்கினா ரெண்டு நாள் சும்மா இருக்கணும். தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் வந்தா டெட்லைனாவது ஒண்ணாவது, கீழ இறங்குங்க. கோமுக் போக வனத்துறை அனுமதி வேணும், ஒரு நாளைக்கு 150 பேருக்குத்தான் தருவாங்க. எல்லை பக்கத்து பகுதிக்கு தனி பர்மிட் உண்டு. உள்ளூர்க்காரர் "இந்த நேரத்துக்கு மேல ஓடையை தாண்டாதீங்க"ன்னு சொன்னா கேளுங்க, வெயில் ஏற ஏற உருகி மத்தியானத்துக்கு மேல தண்ணி கூடிடும்.

ஆள் பறிகொடுத்தவங்ககிட்ட மைக்கை நீட்டவே கூச்சமா இருக்கு

அந்த கூச்சம் நல்லது, அதை விட்டுடாதீங்க. முதல்ல உக்காருங்க, பேச விருப்பமான்னு கேளுங்க, வேண்டாம்னா எழுந்து வந்துடுங்க. காணாம போனவரை "இறந்தார்"னு குடும்பத்துக்கு முன்னாடி நாம எழுதக் கூடாது. சமோலி வெள்ளத்துல தபோவன் நீர்மின் திட்ட சுரங்கத்துல சிக்கினவங்க பல பேர் வேற மாநிலத்துல இருந்து வந்த கூலித் தொழிலாளிங்க, அவங்க பேர் ஊர் உள்ளூர் லிஸ்ட்ல சரியா இருக்காது, அதை தேடிப் போட்டாலே பெரிய வேலை. "உங்களுக்கு எச்சரிக்கை வந்துச்சா, எத்தனை மணிக்கு, யார் சொன்னாங்க?"ங்குற கேள்வியை எல்லார்கிட்டயும் கேளுங்க, பத்து பேர் பதிலை சேத்து வெச்சா அதுவே ஒரு ஆவணம்.

மேல நடந்ததை எழுதிட்டேன், இன்னும் என்ன குறையுதுங்குறீங்க?

கீழ என்ன இருந்துச்சுன்னு எழுதல. மலை சரியுறது இயற்கை, சரிஞ்ச வழில சுரங்கமும் அணையும் லாட்ஜும் இருந்தது மனுஷன் எடுத்த முடிவு. எல்லா பதில்லயும் நான் சுத்தி சுத்தி வர்றது இந்த இடத்துக்குத்தான். கேதார்நாத்துக்கு அப்புறம் சுப்ரீம் கோர்ட் சொல்லி அமைச்ச நிபுணர் குழு 2014ல, ஆய்வு பண்ண 24 நீர்மின் திட்டத்துல 23ஐ கட்ட வேண்டாம்னு சொல்லுச்சு. சிக்கிம்ல 2016லேயே சவுத் லோனாக்ல குழாய் போட்டு தண்ணியை இறக்கிப் பாத்தாங்க, அப்ப ஆபத்து தெரிஞ்சே இருந்துச்சு. இதெல்லாம் பொது ஆவணம், வெள்ளம் வந்த அன்னிக்கே டெஸ்க்ல உக்காந்து எடுத்துடலாம்.

ஒப்பிட்டு பாக்க ஒரு இடம், சுவிட்சர்லாந்துல பிளாட்டன். பனியாறு மேல பாறை குவியுறதை கவனிச்சு 2025 மே 19ல சுமார் 300 பேரை வெளியேத்தினாங்க, 28ம் தேதி பனியாறு மொத்தமா இடிஞ்சு ஊரை மூடுச்சு. ஊர் போச்சு, செத்தது ஒரே ஒருத்தர். அவங்க பணக்கார நாடு, மலைப்பாதை சின்னது, எல்லாம் சரிதான், ஆனா எச்சரிக்கைங்குறது முடியாத காரியம் இல்லைன்னு எழுத நமக்கு ஒரு ஆதாரம் இருக்கு.

வெள்ளம் வடிஞ்சதும் எடிட்டர் வேற ஸ்டோரி பாருங்குறார், திரும்ப எப்படி கேக்குறது?

தேதி போட்டு கேளுங்க. ஆறு மாசம், ஒரு வருஷம், கோர்ட் தீர்ப்பு, புது அனுமதி, இப்படி டைரில குறிச்சு வையுங்க, அந்த தேதில கேட்டா பெரும்பாலும் இடம் கிடைக்கும். சமோலி வெள்ளத்துல முதல்ல அடிபட்ட ரைனி, 1974ல கௌரா தேவியும் மத்த பெண்களும் மரத்தை கட்டிப் புடிச்சு வெட்ட விடாம நின்ன அதே கிராமம். வெள்ளத்துக்கு அப்புறம் அந்த பகுதிக்காரங்க 5 பேர் திட்டங்களை நிறுத்தச் சொல்லி ஹைகோர்ட்டுக்கு போனாங்க. 2021 ஜூலையில மனு தள்ளுபடி ஆச்சு, ஆளுக்கு 10,000 ரூபாய் கட்டச் சொன்னாங்க. தமிழ்ல அது எந்த பக்கத்துல வந்துச்சுன்னு தேடிப் பாருங்க.

தீஸ்தா-3க்கும் அதே மாதிரி. அணை போய் ஒன்னேகால் வருஷத்துல, 2025 ஜனவரில, அதே சுங்தாங்ல பழைய 60 மீட்டருக்கு பதிலா 118 மீட்டர் உயரத்துல கான்கிரீட் அணை கட்ட மத்திய அரசோட நிபுணர் குழு பச்சைக்கொடி காட்டுச்சு. மேல ஏரில இன்னும் தண்ணி இருக்கு. அந்த ஊருக்கு யாராவது போறதா இருந்தா எனக்கு போன் பண்ணுங்க, கேக்க வேண்டிய கேள்விங்களை சேந்து உக்காந்து எழுதலாம்.